கெட்டுப்போன உணவுக்காகக் கடைக்காரர் மீது நாமே வழக்குத் தொடர முடியுமா?

கேள்வி: வெள்ளவத்தைத் தாய்

வணக்கம். கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, என் மகளின் ஏழாவது பிறந்தநாளுக்காக, காலி வீதியில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து நான்கு கோழிப் புரியாணிப் பார்சல்களும் ஓர் ஆட்டிறைச்சிப் புரியாணிப் பார்சலும் எடுப்பித்தோம். இரவு எட்டரை மணியளவில் சாப்பிட்டோம். மறுநாள் நண்பகலுக்குள் மகளுக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் தொடங்கின. மாலையில் மாமியாருக்கும், திங்கட்கிழமை அதிகாலையில் கணவருக்கும் அதே நிலை. எனக்கு வயிற்று வலி மட்டும் இருந்தது. மகளைத் தனியார் வைத்தியசாலை ஒன்றில் இரண்டு இரவுகள் வைத்திருக்க வேண்டியதாயிற்று. மலப் பரிசோதனையில் சல்மொனெல்லா என்ற கிருமி இருப்பதாக அறிக்கை வந்தது. வைத்தியசாலைச் செலவும், கணவர் வேலைக்குப் போகாத ஐந்து நாள் சம்பள இழப்பும் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல.

கடைக்குப் போய்ச் சொன்னோம். "அன்று நூறு பேருக்கு மேல் வாங்கினார்கள், ஒருவரும் வந்து குறை சொல்லவில்லை, நீங்கள் வேறெங்காவது எதையாவது சாப்பிட்டிருப்பீர்கள்" என்றார்கள். பிறகு, மனிதாபிமான அடிப்படையில் பார்சல்களின் விலையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் வாங்கவில்லை.

என் சந்தேகம் இதுதான். உணவுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவது அரசாங்க அதிகாரிகளின் வேலை என்றும், பாதிக்கப்பட்ட பொதுமகனுக்கு அதில் இடமில்லை என்றும் உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். உண்மையா? பணம் கொடுத்தவர் என் அண்ணா; சாப்பிட்டு நோயுற்றவர்கள் நாங்கள். இதனால் எங்கள் உரிமை ஏதும் குறையுமா? பற்றுச்சீட்டை யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள்; ஆனால் அண்ணா வங்கி அட்டையால் செலுத்தியதற்கான குறுஞ்செய்தி இருக்கிறது. பாதி உண்ட ஒரு பார்சல் இன்னும் எங்கள் உறைபெட்டியில் கிடக்கிறது. அண்ணா மட்டும்தான் ஆட்டிறைச்சி சாப்பிட்டவர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதில் 1: புதுக்கடைச் சட்டத்தரணி

சகோதரிக்கு வணக்கம். உங்கள் உறவினர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முழுமையாக எடுத்துக்கொண்டதால்தான் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

இலங்கையின் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், உண்பதற்குத் தகுதியற்ற, தீங்கு விளைவிக்கும், கலப்படமான உணவை உற்பத்தி செய்வதையும் விற்பதையும் குற்றமாக்குகிறது. அதன் தலைமை அதிகாரி சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம். களத்தில் அதனை நடைமுறைப்படுத்துபவர்கள் சுகாதார வைத்திய அதிகாரிகள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், உணவு மருந்துப் பரிசோதகர்கள். கொழும்பு மாநகர எல்லைக்குள் இந்தப் பொறுப்பு மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்துக்கு உரியது. வழக்கை நீதவான் நீதிமன்றத்தில் தாக்கல் செய்பவர்கள் அவர்கள். தண்டப்பணம் விதிக்கப்பட்டால் அதில் ஒரு சதமும் உங்கள் கைக்கு வராது. குற்றவாளியாகக் காணப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிடும் தற்றுணிபு அதிகாரம் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் கீழ் நீதவானுக்கு உண்டு என்றாலும், அதை நம்பி மட்டும் யாரும் காத்திருக்கக் கூடாது.

எனினும், குற்ற வழக்கு வேறு, உங்கள் வழக்கு வேறு. உங்களுக்கு நேர்ந்த இழப்புக்காகக் குடியியல் வழக்குத் தொடர எந்த அதிகாரியின் அனுமதியும் தேவையில்லை. அந்த உரிமை உணவுச் சட்டத்திலிருந்து வருவதும் அல்ல. அதைவிடப் பழைய இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஒன்று ஒப்பந்தம். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, இன்ன தேவைக்கென்று தெரிந்தே வியாபாரி விற்ற பொருள் அந்தத் தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, யாரும் வாயால் சொல்லாமலேயே, விற்பனையில் அடங்கியிருக்கிறது. புரியாணியின் தேவை என்னவென்று எந்த நீதிமன்றமும் விளக்கம் கேட்காது. ஆனால் ஒப்பந்தம் உங்கள் அண்ணாவுக்கும் கடைக்கும் இடையிலானது. சாப்பிட்டவர்கள் அதில் தரப்பினர் அல்லர்.

இங்கேதான் இரண்டாவது ஊற்று உதவுகிறது. நமது உரோமன் டச்சுச் சட்டத்தின் தீங்கியல் பொறுப்பு, பணம் கொடுத்தவர் யார் என்று கேட்பதில்லை. யாருடைய கவனயீனத்தால் யாருக்குத் தீங்கு நேர்ந்தது என்றே கேட்கிறது. பிரித்தானியாவில் இதே கேள்வி 1928 இல் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் எழுந்தது. தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சிப் பானப் போத்தலில் அழுகிய நத்தை இருந்ததாகச் சொல்லி ஒரு பெண் உற்பத்தியாளர் மீது வழக்கிட்டார். வாங்கியவர் அவர் அல்லர் என்பது தடையல்ல என்று, அப்போது பிரித்தானியாவின் உச்ச மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1932 இல் தீர்ப்பளித்தது. அந்தப் போத்தலில் நத்தை உண்மையில் இருந்ததா என்பது கடைசிவரை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. வழக்கு அதற்கு முன்பே இணக்கமாக முடிந்துவிட்டது. சட்டக் கல்லூரியில் எல்லோரும் நத்தையை நினைவில் வைத்திருக்கிறோம். அது நிரூபிக்கப்படாத நத்தை என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே மகளுக்காக நீங்களும், கணவரும், மாமியாரும் தீங்கியலின் கீழ் வழக்கிடலாம். மகள் பராயமடையாதவர் என்பதால், நீதிமன்றத்தின் அனுமதியுடன் அவர் சார்பில் நீங்கள் முன்னிற்க வேண்டும். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி தீங்குக்கான வழக்குக்கு இரண்டு ஆண்டுகள், எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டுகள். வைத்தியசாலைச் செலவு, இழந்த சம்பளம், உடல் வேதனை ஆகியவற்றைக் கோரலாம். பிறந்தநாள் பாழான மனவருத்தத்துக்குத் தனியாகத் தொகை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கோரும் தொகை சட்டம் குறித்த எல்லைக்குக் குறைவாக இருந்தால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழுடன்தான் நீதிமன்றத்துக்கு வர முடியும்.

வழக்கின் உயிர்நாடி காரணத் தொடர்பு. 2001 இல் நம் உயர் நீதிமன்றம், ஒரு குழந்தையின் மரணம் தொடர்பான மருத்துவ அலட்சிய வழக்கில், கீழ் நீதிமன்றங்கள் வழங்கிய நட்டஈட்டை நீக்கியது. அலட்சியம்தான் மரணத்துக்குக் காரணம் என்பது போதிய அளவில் நிரூபிக்கப்படவில்லை என்பது அதற்கு முக்கிய காரணம். உணவு வழக்கிலும் எதிர்த்தரப்பு இந்தக் கதவின் வழியாகத்தான் வெளியேறப் பார்க்கும். "வேறெங்காவது சாப்பிட்டிருப்பீர்கள்" என்று கடைக்காரர் சொன்னது சாக்குப்போக்காகத் தோன்றலாம். அதுவே நாளை அவருடைய மறுமொழிப் பத்திரத்தின் முதற்பந்தியாக இருக்கும்.

என் ஆலோசனை, மாவட்ட நீதிமன்றத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின் கீழ், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். விசாரணையில் முறைப்பாடு உண்மையெனக் கண்டால், நட்டஈடு வழங்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ வியாபாரிக்குக் கட்டளையிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னதோடு நின்றுவிட வேண்டாம். சட்டம் கேட்பது எழுத்து. அதைத் தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழில் பெறலாம். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. பின்னர் வழக்கானால், கொழும்பில் நடவடிக்கைகள் சிங்களத்தில் நடந்தாலும், வழக்குரையைத் தமிழில் சமர்ப்பிக்கவும் மொழிபெயர்ப்பைக் கோரவும் 24 ஆம் உறுப்புரையில் இடமுண்டு.

இன்னொன்று: முகநூலில் கடையின் பெயரைப் போடும் எண்ணம் இருந்தால் சற்றுப் பொறுங்கள். குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டுவிட்டது; குடியியல் அவதூறு வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. போதாக்குறைக்கு, இணையத்தில் இடப்படும் பொய்க் கூற்றுகளைப் பற்றிய 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது.

பதில் 2: ஓய்வுபெற்ற பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), தெமட்டகொடை

சட்டத்தரணி ஐயா காரணத் தொடர்பைப் பற்றிச் சொன்னார். அந்தத் தொடர்பு எப்படிக் கட்டப்படுகிறது என்பதை, பல ஆண்டுகள் கடை கடையாக ஏறி இறங்கியவன் என்ற முறையில், நான் சொல்கிறேன்.

முதலில், உறைபெட்டியில் உள்ள பார்சல். அதை எறிய வேண்டாம். ஆனால் அதன்மேல் பெரிய நம்பிக்கையும் வைக்க வேண்டாம். உறைநிலையில் சல்மொனெல்லா உயிர் பிழைத்திருக்கக் கூடும் என்பதால் பரிசோதனை பயனற்றது அல்ல. ஆயினும், அதிகாரம் பெற்ற அலுவலர் கடையில் எடுத்து, பகுதிகளாகப் பிரித்து, முத்திரையிட்டு, பகுப்பாய்வாளருக்கு அனுப்பும் மாதிரிக்கு உள்ள மதிப்பு, உங்கள் வீட்டில் திறந்து, கரண்டி போட்டு, ஒரு மாதம் வைத்திருந்த பார்சலுக்குக் கிடைக்காது. கிருமி வீட்டில் சேர்ந்தது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே கேள்வியில் கேட்டுவிடுவார்.

உங்களிடம் அதைவிட நல்ல சாட்சி இருக்கிறது, அதை நீங்கள் பக்கச் செய்தியாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். கோழி சாப்பிட்ட நால்வருக்கும் ஏதோ ஒரு வகையில் பாதிப்பு. ஆட்டிறைச்சி சாப்பிட்ட அண்ணாவுக்கு ஒன்றுமில்லை. நாங்கள் களத்தில் செய்கிற விசாரணையின் முதுகெலும்பே இதுதான்: யார் எதைச் சாப்பிட்டார், யார் எதைச் சாப்பிடவில்லை, யாருக்கு எப்போது தொடங்கியது. ஐந்து பேர் என்பது சிறிய கணக்கு. அதனால் இது தனியாக எதையும் நிரூபிக்காது. ஆனால் மல அறிக்கையோடும் நேரத்தோடும் சேர்ந்து நிற்கும்போது பாரம் கூடுகிறது.

நேரம் ஏன் முக்கியம் என்றால், பொதுமக்களில் அநேகர் கடைசியாகச் சாப்பிட்ட உணவின் மேல்தான் பழியைப் போடுவார்கள். சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரத்தில் வாந்தி வந்தால் அது பெரும்பாலும் கிருமி முன்கூட்டியே சுரந்துவைத்த நச்சு. கைப்புண்ணிலிருந்து வரும் ஸ்டெஃபிலோகொக்கஸும், சோற்றை நெடுநேரம் வெளியில் வைத்தால் பெருகும் பசிலஸ் சீரியஸும் அப்படிப்பட்டவை. சல்மொனெல்லாவுக்குப் பொதுவாக 6 முதல் 72 மணி நேரம் வேண்டும். உங்கள் மகளுக்கு ஏறத்தாழ 15 மணி நேரம், கணவருக்கு முப்பது மணி நேரமளவு. இரண்டும் அந்த எல்லைக்குள் அடங்குகின்றன. ஆனால் அதே எல்லைக்குள் வெள்ளிக்கிழமைச் சாப்பாடும் அடங்கும் என்பதை மறைக்க வேண்டாம். அந்த மூன்று நாட்களில் ஒவ்வொருவரும் எங்கே, என்ன சாப்பிட்டார்கள் என்பதை நினைவு இருக்கும்போதே எழுதிவையுங்கள். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் மகள் வாங்கிய பணிஸைக்கூட விட வேண்டாம். உங்களுக்குப் பாதகமானதையும் நீங்களே எழுதிவைத்திருந்தால்தான் மற்றவற்றை நம்புவார்கள்.

இனிப் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். உணவு நஞ்சாதல் நம் நாட்டில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. சிகிச்சை அளிக்கும் வைத்தியர், அரசாங்க வைத்தியசாலையிலிருந்தாலும் தனியார் வைத்தியசாலையிலிருந்தாலும், 'ஹெல்த் 544' என்ற படிவத்தில் அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அந்தப் படிவம் போனால்தான் பரிசோதகர் உங்கள் வீட்டுக்கு வருவார், அங்கிருந்து கடைக்குப் போவார். அதே நாளில் வேறு குடும்பங்களும் நோயுற்றிருந்தால் அது தெரியவரும் இடமும் அந்த அலுவலகம்தான். "வேறு யாரும் குறை சொல்லவில்லை" என்ற கடைக்காரரின் பேச்சுக்கு அங்கே பதில் கிடைக்கலாம். வைத்தியசாலையிடம் படிவம் அனுப்பப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். அனுப்பப்படவில்லை என்றால், மகளின் நோய் நிர்ணய அட்டையின் பிரதியுடன் நீங்களே எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கோழியைப் பிடிக்க முடியாது. ஆனால் சமைத்த கோழியைப் பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் வைக்கும் பழக்கத்தையும், 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டிய சட்டியை அடுப்பணைத்துப் பின்னேரம் முழுவதும் வைத்திருக்கும் பழக்கத்தையும் இன்றும் போய்ப் பிடிக்கலாம்.

பதில் 3: கிராண்ட்பாஸில் சாப்பாட்டுக் கடை நடத்துபவர்

எங்கள் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். பாதிக்கப்பட்ட சகோதரியின் கோபம் நியாயமானது. குழந்தை வைத்தியசாலையில் கிடந்திருக்கும்போது பார்சல் விலையை நீட்டுவது எவருக்கும் அவமதிப்பாகவே படும். ஆயினும் "வேறு யாரும் குறை சொல்லவில்லை" என்று எல்லாக் கடைக்காரரும் பொய்க்காகச் சொல்வதில்லை. வாடிக்கையாளர் ஒரு மாதம் கழித்து வந்தால், அன்றைய சமையலில் ஒரு பிடிகூட எங்களிடம் இருப்பதில்லை. நாங்களும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் பதில் சொல்கிறோம். இதனால் நான் ஒவ்வொரு சட்டியிலிருந்தும் ஒரு சிறு பகுதியைத் திகதியிட்டு மூன்று நாள் குளிரூட்டியில் வைக்கிறேன். இதைச் செய்யச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கடை சுத்தமாக இருந்தால் இது எனக்குச் சாட்சி. இல்லாவிட்டால் எனக்கு எதிரான சாட்சி. இரண்டும் நியாயம்தான்.

என் கேள்வி வேறு. கோழி என் கடைக்கு வரும்போதே கிருமியுடன் வந்திருந்தால் வழக்கு ஏன் என் மேல் மட்டும்?

பதில் 4: புதுக்கடைச் சட்டத்தரணி

கடைக்கார நண்பருக்கு: கோழியில் கிருமி இருந்தது என்பது உங்களை விடுவிக்காது, ஏனெனில் நன்றாக வேக வைத்தால் சல்மொனெல்லா இறந்துவிடும், வெந்த பின்னும் இருந்தது என்றால் ஒன்று வேகவில்லை, அல்லது பிறகு தொற்றியது. இரண்டும் உங்கள் சமையலறையில் நடப்பவை. கேடு உற்பத்தியிலேயே இருந்து, சமையலால் அகற்ற முடியாததாக இருந்தால் கதை வேறு. 2021 மார்ச்சில் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் கண்டறியப்பட்ட அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சை நச்சு அத்தகையது. அதைக் கடை அடுப்பின் சூட்டால் ஒழித்துவிட முடியாது. அங்கே இறக்குமதியாளரையும் வழக்கில் சேர்க்க வேண்டும்.

இதே போக்கில் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நட்டஈடு மட்டும்தான் வழக்கின் பயன் என்று எண்ண வேண்டியதில்லை. 2013 ஆகஸ்டில், நியூசிலாந்துப் பால்மா பற்றிய சர்ச்சையின்போது, சுகாதார ஊழியர் தொழிற்சங்கம் ஒன்று தாக்கல் செய்த மனுவின் பேரில், கம்பஹா மாவட்ட நீதிமன்றம் ஒரு பெரிய நிறுவனத்தின் பால் உற்பத்திகளின் விற்பனையையும் விளம்பரத்தையும் இரண்டு வாரங்களுக்குத் தடை செய்தது. நீதிமன்றத்தை அசைத்தது அரசாங்கம் அல்ல, ஒரு சங்கம். அந்தத் தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். இறக்குமதியை நிறுத்த அரசாங்கமே ஆணையிட வேண்டிய இடத்தில் ஒரு மாவட்ட நீதிமன்றம் நுழைந்தது எனக்கு முழுத் திருப்தி அளிக்கவில்லை.

அதிகாரிகள் கடமையைச் செய்யத் தவறினால் வழி வேறு. முதலில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தக் கடை எப்போது பரிசோதிக்கப்பட்டது, என்ன காணப்பட்டது என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதில் பின்னர் குடியியல் வழக்கிலும் பயன்படும். கடமையைச் செய்விக்கும் ஆணை கோரி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அது அரசின் செயலுக்கு எதிரானது, கடைக்காரருக்கு எதிரானது அல்ல.

பதில் 5: கொட்டாஞ்சேனை வாசகர், இப்போது சென்னையில்

இந்தியாவில் 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 65 ஆவது பிரிவு, உணவால் மரணம் நேர்ந்தால் 5 இலட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கொடுங்காயத்துக்கு 3 இலட்சம் வரையும், மற்றப் பாதிப்புகளுக்கு 1 இலட்சம் வரையும் இழப்பீடு என்று அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறது. வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வு செய்விக்க 40 ஆவது பிரிவில் இடமும் உண்டு. தொகைகள் போதுமானவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உணவுச் சட்டத்தில் தண்டம் ஒரு பக்கமும், இழப்பீட்டுக்கு உரோமன் டச்சுச் சட்டத்தைத் தோண்டுவது இன்னொரு பக்கமுமாக இருப்பதைவிட இது சாதாரண மனிதருக்குப் புரியும்படி இருக்கிறது. நம் உணவுச் சட்டத்திலும் இப்படியொரு பிரிவு இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பதில் 6: வெள்ளவத்தைத் தாய்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று வைத்தியசாலையில் விசாரித்தேன். 544 படிவம் அனுப்பப்பட்டதற்கான பதிவு இல்லை என்றார்கள். இன்று காலை நோய் நிர்ணய அட்டை, மல அறிக்கை, வங்கிக் குறுஞ்செய்தியின் அச்சுப் பிரதி ஆகியவற்றுடன் எம்.ஓ.எச். அலுவலகத்தில் எழுத்து மூலம் முறைப்பாடு கொடுத்து, திகதி முத்திரையுடன் பிரதியையும் பெற்றுக்கொண்டேன். மூன்று நாள் உணவுப் பட்டியலை எழுத உட்கார்ந்தபோது, வெள்ளிக்கிழமை மாலை மகளும் மாமியாரும் கோயிலடியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. கணவரும் நானும் சாப்பிடவில்லை. அதையும் எழுதிவிட்டேன்.

நுகர்வோர் அதிகார சபைக்கான முறைப்பாட்டை யாருடைய பெயரில் எழுதுவது என்று மட்டும் தெளிவில்லை.

பதில் 7: புதுக்கடைச் சட்டத்தரணி

ஐஸ்கிரீமை எழுதியது நல்லது. கணவர் அதைச் சாப்பிடாமலேயே நோயுற்றார் என்பது அதே பட்டியலில் தெரிகிறது. ஆகவே அது உங்களுக்கு முழுதும் பாதகமல்ல. அவருக்கும் மலப் பரிசோதனை செய்திருந்தால் அந்த அறிக்கையைத் தேடி எடுங்கள், இந்த வழக்கில் மகளின் அறிக்கையைவிட அதற்கு மதிப்பு அதிகம். முறைப்பாட்டை அண்ணாவின் பெயரில், வாங்கியவர் என்ற முறையில் எழுதி, நோயுற்ற ஒவ்வொருவரும் தனித்தனி ஒப்பமிட்ட கூற்றை அதனுடன் இணையுங்கள். மூன்று மாதக் கணக்கு அந்தச் சனிக்கிழமையிலிருந்து தொடங்குகிறது; நீங்கள் இதைப் படிக்கும் நாளிலிருந்து அல்ல.